லஹார்: ஓட்டத்துக்கு வைத்த பெயர்

1919 மே மாதம் கிழக்கு ஜாவாவில் கெலுட் எரிமலை வெடித்தது. உச்சியில் ஓர் ஏரி; அதன் நீர் ஏறக்குறைய 4 கோடி கன மீட்டர். அத்தனையும் சாம்பலையும் கல்லையும் வாரிக்கொண்டு சரிவில் இறங்கியதில் 5,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இப்படி வரும் சேற்றுவெள்ளத்துக்கு ஜாவா மொழியில் லஹார் என்று பெயர். 1922இல் டச்சு நிலவியலாளர் பி. ஜி. எஷர் அதை அறிவியல் கலைச்சொல்லாக்கினார்.

லஹார் வர ஏரி உடைய வேண்டும் என்பதில்லை. வெடிப்பு முடிந்த மலையில் சாம்பலும் கல்லும் தளர்வாகக் குவிந்து கிடக்கும். பிடித்து நிறுத்தச் செடிகொடி இராது. நுண்சாம்பல் மேலே இறுகி மழைநீரை உள்ளே விடாது. ஒரு பெருமழை போதும், சேறாகக் கிளம்பிவிடும். போகும் வழியில் கரைகளையும் அரித்துச் சேர்த்துக்கொண்டு பருக்கும். ஈரக் கான்கிரீட்டின் அடர்த்தி இருப்பதால் பெரும்பாறைகளையும் தூக்கிவரும். நின்ற இடத்தில் பாறையும் பொடியும் பிரியாமல் ஒன்றாகவே படியும். ஆறு அரித்துத் தரம்பிரித்த மணலிலிருந்து இந்த வண்டலை வேறுபடுத்திக் காட்டுவது அதுதான். மழையால் வருவதை இந்தோனேசியர் 'லஹார் டிங்கின்', அதாவது குளிர்ந்த லஹார் என்கிறார்கள். எரிமலை அடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் அது வரலாம்.

'லாவா'வின் கதையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சில் அது மழைக்குப்பின் பாயும் வெள்ளத்தின் பெயர். 1737இல் வெசுவியஸ் வெடித்ததை எழுதிய பிரான்செஸ்கோ சேராவோ, உருகிய பாறையின் ஓட்டத்துக்கு அதைப் பயன்படுத்தினார். இந்தோனேசியப் பொதுவழக்கிலோ லஹார் என்ற சொல் நெருப்புக் குழம்பையும் குறிக்கிறது. அறிவியல் மட்டுமே லஹாரை நீரோடு கட்டிவைத்திருக்கிறது. மலையடிவார மக்களுக்கு, இறங்கி வருவது எதுவானாலும் அதன் ஓட்டம்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கும் போலும்.

1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின் பிலிப்பைன்ஸ் மக்கள் நாவிலும் லஹார் ஏறியது. 1995இல் பக்கோலோர் ஊரின் சான் கியெர்மோ தேவாலயம் லஹாரில் பாதி உயரம் வரை புதைந்தது. பழைய சன்னல்களே இன்று வாசல்கள். அங்கே வெட்டியெடுத்துக் கட்டடவேலைக்கு விற்கும் மணலுக்கும் இப்போது லஹார் என்றே பெயர். ஓட்டத்துக்கு வைத்த பெயர், படிந்துகிடக்கும் சரக்குக்கும் ஆகிவிட்டது.