மொஹாவி பாலைவன ஓட்டுநரில்லா ஊர்திப் பந்தயம்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்பா, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் மொஹாவி பாலைவனத்தில் நடத்திய ஊர்திப் பந்தயம் ‘டார்பா கிராண்ட் சேலஞ்ச்’ ஆகும். ஊர்தியில் ஓட்டுநர் இருக்கக் கூடாது; ரிமோட் கொண்டு தொலைவிலிருந்து இயக்கவும் கூடாது. மண்பாதையையும் பள்ளத்தையும் பாறையையும் ஊர்தி தானே கண்டறிந்து இலக்கை அடைய வேண்டும்.

2015-க்குள் தரைப்படையின் போர் ஊர்திகளில் மூன்றில் ஒரு பங்கு ஆளில்லாமல் இயங்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் இலக்கு வைத்திருந்தது. இத்தகைய இராணுவப் பணிகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்கே ஒப்பந்தமாகச் செல்லும். டார்பாவோ 10 லட்சம் டாலர் பரிசை அறிவித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றது. பல்கலைக்கழகங்களோடு கலிபோர்னியாவின் உயர்நிலைப்பள்ளி ஒன்றும் களத்தில் இறங்கியது.

முதல் பந்தயம் 2004 மார்ச் 13 அன்று பார்ஸ்டோ அருகே தொடங்கியது. பாதையின் நீளம் 142 மைல். புறப்பட்ட 15 ஊர்திகளில் ஒன்றுகூட முடிக்கவில்லை. பள்ளி மாணவர்களின் ஊர்தி புறப்பட்ட இடத்திலேயே சுவரில் மோதியது. அதிக தூரம் சென்றது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘சாண்ட்ஸ்டார்ம்’. அதுவும் ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதையின் விளிம்பில் ஏறி, அடிப்பகுதி தட்டி, சக்கரம் சுழன்று புகைந்து நின்றுபோனது. கடந்த தூரம் 11.8 கி.மீ.; ஏறக்குறைய தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் தூரம்தான். பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. டார்பா மறு பந்தயத்தை அறிவித்துப் பரிசை 20 லட்சம் டாலராக இரட்டித்தது.

2005 அக்டோபர் 8 அன்று நடந்த இரண்டாம் பந்தயத்தில் 23 ஊர்திகள் புறப்பட்டன. ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் முந்தைய ஆண்டின் 11.8 கி.மீ. எல்லையைத் தாண்டின. ஐந்து ஊர்திகள் 212 கி.மீ. பாதையை முடித்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ 6 மணி 53 நிமிடத்தில் வந்து வென்றது. சாண்ட்ஸ்டார்ம் ஏறக்குறைய 11 நிமிடம் பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றது. நான்காவதாக வந்த ‘கேட்-5’ லூசியானாவின் ஒரு காப்பீட்டு நிறுவனத்தாருடையது. பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர்கள் ஊரைக் கத்ரீனா புயல் தாக்கியிருந்தது. 2018-இல் கஜாவைக் கண்ட டெல்டா மக்களுக்கு, அதற்குப் பிறகும் வேலையைத் தொடர்வது எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

பத்தொன்பது மாதங்களில் நேர்ந்த இந்த மாற்றத்துக்கு இரும்பை விட மென்பொருளே பெரிய காரணம். ஸ்டான்லி ஒரு சாதாரண வோல்க்ஸ்வேகன் டுவாரெக் கார். அதன் கூரையில் இருந்த லேசர் கருவிகளால் இருபது, இருபத்தைந்து மீட்டர் தூரம்தான் நம்பிக்கையாகப் பார்க்க முடியும். வேகமாகச் செல்ல அது போதாது. எனவே லேசர் ‘இது நல்ல தரை’ என்று சொன்ன பகுதியின் நிறத்தைக் கேமரா கற்றுக்கொண்டது. அதே நிறம் தொலைவில் தெரிந்தால் வேகத்தைக் கூட்டலாம். தரையும் வெளிச்சமும் மாற மாற இந்தப் பாடமும் புதுப்பிக்கப்பட்டது. மனிதர் ஓட்டிக் காட்டிய பதிவுகளிலிருந்தும் அது கற்றது. ஸ்டான்லி குழுவின் தலைவர் செபாஸ்டியன் த்ரன் அதற்கு முன் கார்னகி மெலனில் பேராசிரியராக இருந்தவர்.

இப்போட்டியாளர்கள் இருவரின் பின்னணியிலும் தமிழ்நாட்டில் படித்த ஒருவர் இருக்கிறார். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1979-இல் கார்னகி மெலனில் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி அதன் முதல் இயக்குநரானார். சாண்ட்ஸ்டார்ம் குழுவை நடத்திய வில்லியம் விட்டேக்கர் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர். பந்தயத்தில் ரெட்டிக்கு நேரடிப் பங்கு இல்லை. ஆயினும் அவர் தொடங்கிய நிறுவனம் இல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

2007-இல் நகரச் சாலைகளை ஒத்த பாதையில் நடந்த மூன்றாம் போட்டியில் கார்னகி மெலன் வென்றது. 2009-இல் கூகுள் தொடங்கிய தானியங்கிக் கார் திட்டத்தில் இந்தக் குழுக்களைச் சேர்ந்தவர்களே முன்னின்றனர். படைக்காகச் செலவிட்ட பணம் முதலில் பயன் தந்தது ஊர்ச் சாலைகளுக்குத்தான்.

இந்தியாவில் 2014-இல் மகிந்திரா நிறுவனம் ஓட்டுநரில்லாக் காருக்கு 7 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. 2017-இல் சென்னை அருகிலுள்ள அதன் ஆய்வு மையத்தில் உருவான ஓட்டுநரில்லா டிராக்டர் காட்டப்பட்டது. செயற்கைக்கோள் வழிகாட்டலில் நேர்கோட்டில் உழுது, வயல் ஓரத்தில் தானே திரும்புவது அதன் வேலை. புன்செய் நிலத்துக்கு இது பெரிதும் பொருந்தும். காவிரி டெல்டாவின் நடவு வயலோ வேறு வகை. தண்ணீர் கட்டி உழுத சேற்றில் நிறத்தைப் பார்த்து ஆழத்தைச் சொல்ல முடியாது. வானத்தின் பிம்பமும் சேர்ந்து தெரியும். டிராக்டருக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டினாலும் சக்கரம் வழுக்கும். வயல்கள் சிறியவை, வரப்புகள் வளைந்தவை. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு எங்கே இறங்க வேண்டும் என்பது ஓட்டுபவருக்கும் வயல்காரருக்கும்தான் தெரியும். மொஹாவியின் காய்ந்த தரையில் ஸ்டான்லி கற்ற பாடத்தைச் சேற்றுக்காக முதலிலிருந்தே கற்பிக்க வேண்டியிருக்கும்.