பச்சைக் குழந்தைக்கு வெயில் காட்டலாமா? எப்போ, எவ்வளவு நேரம்?

கோபிசெட்டிபாளையம் பக்கம் பிள்ளை பிறந்த வீடுகளில் காலை நேரத்தைப் பார்த்திருப்பீங்க. வாசலில் அம்மாயி காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். கால் மேல் தேங்காய் எண்ணெய் தேய்த்த பேரனோ பேத்தியோ கையையும் காலையும் உதைத்துக்கொண்டு கிடக்கும். "புள்ளைய செத்த நேரம் வெயில்ல காட்டு கண்ணு, மஞ்சள் தானா இறங்கிரும். எலும்பும் கெட்டிப்படும்" என்பார் அம்மாயி. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மகளோ, "டாக்டர் நேரடி வெயில் வேண்டாம்னு சொன்னாரே" என்று தயங்குவார்.

இதில் யார் சொல்வது சரி? குழந்தையை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதில் அம்மாயி சொல்வது சரி. ஆனால், மஞ்சளுக்கும் எலும்புக்கும் வெயிலை மட்டுமே மருந்தாக நம்புவதுதான் ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மஞ்சள் காமாலைக்கு வெயில் மருந்தா?

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் உடம்பு கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். ரத்தத்தில் பிலிருபின் என்ற பொருள் கூடுவதே காரணம். பெரும்பாலும் தாய்ப்பால் நன்றாகக் குடித்து, மலம் சரியாகப் போனால் தானாகவே குறைந்துவிடும்.

'வெயில் பட்டால் மஞ்சள் குறையும்' என்ற பேச்சிலும் ஓர் உண்மை இருக்கிறது. 1956-ல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் குழந்தைகளை வெளியே வெயிலில் கொண்டுபோன ஒரு செவிலியர், வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் வெளுத்து, துணி மூடிய இடத்தில் அப்படியே இருந்ததைக் கவனித்தார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சிதான் இன்று மருத்துவமனைகளில் குழந்தையை நீல வெளிச்சத்தில் வைக்கும் ஒளி சிகிச்சையாக வளர்ந்திருக்கிறது.

அப்படியானால் வாசல் வெயிலே போதாதா? போதாது. வேலை செய்வது வெளிச்சத்தில் இருக்கும் நீல நிறப் பகுதி. வெயிலில் அதோடு புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்தே வருகின்றன. எவ்வளவு கிடைத்தது என்று அளக்கவும் முடியாது. முக்கியமாக, 'வெயில்ல காட்டுறோமே' என்ற நம்பிக்கையில் ரெண்டு மூணு நாள் வீணாகப் போய்விடும். பிலிருபின் அளவுக்கு மீறிக் கூடினால் மூளையையும் காது கேட்கும் திறனையும் நிரந்தரமாகப் பாதிக்கலாம்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தாலோ, மலம் வெள்ளையாகப் போனாலோ, ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் குறையாவிட்டாலோ வாசலில் உட்காராதீங்க. நேரே மருத்துவமனைக்குப் போங்க.

எலும்புக்கு வைட்டமின் டி?

தோலில் வெயில் பட்டால் உடம்பு வைட்டமின் டி தயாரிக்கும் என்பது உண்மைதான். ஆனால், அதற்குத் தேவையான கதிர்கள் சூரியன் நன்றாக மேலே ஏறிய பிறகுதான் அதிகம் கிடைக்கும். காலை ஏழு மணி இளவெயிலில் அவை ரொம்பக் குறைவு. பதினோரு மணி வெயிலில் நிறைய உண்டு. ஆனால், பச்சைக் குழந்தையின் மெல்லிய தோல் அதைத் தாங்காது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் படுக்கவைத்தாலும் பயனில்லை. வைட்டமின் டி தயாரிக்க உதவும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

தாய்ப்பாலில் எல்லாச் சத்தும் இருந்தாலும் வைட்டமின் டி குறைவு. அதனால்தான், குழந்தைக்கு முதல் ஒரு வயது வரை தினமும் 400 ஐ.யூ. வைட்டமின் டி தர வேண்டும் என்று இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. இந்தச் சத்து ரொம்பக் குறைந்தால் எலும்பு மென்மையாகி, கால் வளைவது, மணிக்கட்டு தடிப்பது, பல் முளைக்கவும் நடக்கவும் தாமதமாவது போன்ற பிரச்னைகள் வரலாம்.

சொட்டு மருந்து வாங்கும்போது பாட்டிலை ஒரு தடவை படித்துப் பாருங்க. சிலவற்றில் 1 மி.லி.க்கு 400 ஐ.யூ., சிலவற்றில் 800 ஐ.யூ. இருக்கும். ஒரே சொட்டில் 400 ஐ.யூ. இருப்பதும் உண்டு. பழைய அளவிலேயே புது பாட்டிலையும் கொடுத்தால் அளவு கூடிவிடும். டாக்டர் எழுதிய அளவும் பாட்டிலில் இருப்பதும் ஒன்றுதானா என்று மருந்துக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்க.

அப்போ வெளியே போகவே கூடாதா?

தாராளமாகப் போகலாம். பகல் வெளிச்சம் பார்க்கும் குழந்தைக்குப் பகல் எது, இரவு எது என்ற பழக்கம் மெதுவாகப் படியும். தென்னை ஓலை அசைவதும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தமும், மாடு கத்துவதும் குழந்தையின் கண்ணுக்கும் காதுக்கும் நல்ல தீனி. ஒரு வயதுக்குள் செல்போன், டிவி எதையும் காட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அதே வழிகாட்டுதல், இன்னும் தவழாத குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுத்து விளையாட வேண்டும் என்றும் சொல்கிறது. திண்ணையில் பாய் விரித்து, பக்கத்திலேயே நீங்க உட்கார்ந்து, அதைச் செய்யலாம்.

நேரம் பார்க்க கடிகாரம்கூட வேண்டாம். நம்ம பெரியவர்கள் நிழலைப் பார்த்துத்தானே நேரம் சொன்னார்கள்? உங்க நிழல் உங்க உயரத்தைப் போல ரெண்டு மடங்கு நீளமாக இருந்தால் அது இளவெயில். கோபியில் ஏறத்தாழ காலை 8 மணிக்கு முன்னும், மாலை 5 மணியை ஒட்டியும் அப்படி இருக்கும். நிழல் உங்க உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் குழந்தை வீட்டுக்குள் இருக்க வேண்டிய நேரம்.

நம்ம ஊரில் சித்திரை முதல் வாரத்தை ஒட்டியும், ஆவணி முதல் வாரத்தை ஒட்டியும் சூரியன் நடுப்பகலில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். சித்திரையில் சூடு நம்மை எச்சரித்துவிடும். 2024 கோடையில் ஈரோட்டில் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது நினைவிருக்கும். ஆடி, ஆவணியில் காத்து சிலுசிலுவென்று அடிப்பதால் வெயில் உறைக்காது. ஆனால், புற ஊதாக் கதிர் குறைந்திருக்காது. காத்தை நம்பி ஏமாறாதீங்க.

கவனத்தில் வைக்க வேண்டியவை

* 6 மாதம் வரை நேரடி வெயிலைத் தவிர்த்து, வேப்பமர நிழலோ தாழ்வார நிழலோ போதும். மெல்லிய பருத்திச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் போடுங்க.
* சன் ஸ்கிரீன் 6 மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துத்தநாக ஆக்ஸைடு உள்ள, எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்டதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்க. தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்காது.
* 6 மாதம் ஆகாத குழந்தைக்குக் கோடையிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்க. தண்ணீர் தேவைப்படுவது பால் கொடுக்கும் அம்மாவுக்கு.
* தள்ளுவண்டியைத் துணியால் மூடாதீங்க. உள்ளே சூடு ஏறிவிடும். நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீங்க.
* கொடிவேரிக்குப் போனால் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் குழந்தை மேல் விழும். பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்கோ, மொட்டை போடவோ போவதாக இருந்தால் காலையிலேயே போய்த் திரும்பப் பாருங்க. மொட்டைத் தலைக்குக் கட்டாயம் தொப்பி.
* வாழை, மஞ்சள் தோட்டத்தில் மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம். வாய்க்கால் ஓரம் சாயங்காலம் கொசு சேரும். அதற்கு முன் வீடு திரும்புங்க.

குழந்தை சோர்ந்து போனாலோ, நாக்கு உலர்ந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாகச் சிறுநீர் போனாலோ உடனே மருத்துவரிடம் போங்க. 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றாலே தாமதிக்கக் கூடாது.

பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

பல வீடுகளில் வெயிலைவிடப் பெரிய பிரச்னை இதுதான். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும். "நீங்க சொல்றது செரிதானுங்க அத்தை, புள்ளைய வெளிய கொண்டாரலாமுங்க. நேரத்தை மட்டும் மாத்திக்கலாமுங்க" என்று சொல்லிப் பாருங்க. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்க. சொட்டு மருந்து கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்க. தினமும் மறக்காமல் கொடுக்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.

வாசலும் அம்மாயி மடியும் குழந்தைக்கு வேண்டும். நிழல் ரெண்டு மடங்கு நீளமாக இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.