மின்னணு மருத்துவப் பதிவுகள்: மருத்துவமனைகளுக்கிடையே பகிர்வதில் தடைகள் என்ன?

ஒரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர் வேறொரு மருத்துவமனைக்குச் செல்லும்போது, பழைய பரிசோதனை முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லும் வழக்கம் நாட்டில் இன்னும் நீடிக்கிறது. அவை தவறிவிட்டால் அதே பரிசோதனைகளை மீண்டும் செய்ய நேரிடுகிறது. எந்த மருந்து ஒவ்வாது என்பதும் மருத்துவருக்குத் தெரியாமல் போகக்கூடும்.

இந்நிலையை மாற்றும் நோக்கில், தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கத்தை பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அறிவித்தார். புதுச்சேரி உள்ளிட்ட 6 யூனியன் பிரதேசங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2021 செப்டம்பர் 27-ஆம் தேதி ‘ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம்’ என்ற பெயரில் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. தேசிய சுகாதார ஆணையம் இதனைச் செயல்படுத்துகிறது.

பகிர்வு எவ்வாறு நடைபெறுகிறது?

திட்டத்தில் இணைவோருக்கு 14 இலக்க ‘ஆபா’ எண் வழங்கப்படுகிறது. பதிவுகள் ஒரே மையத்தில் சேமிக்கப்படுவதில்லை. அவை உருவான மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ இருக்கும். நோயாளி செயலி வழியாக ஒப்புதல் அளித்த பின்னரே மற்றொரு மருத்துவர் அவற்றைப் பார்க்க இயலும். அதாவது, ஆபா எண் ஒரு முகவரி மட்டுமே. அதனுடன் பதிவுகள் இணைக்கப்படாவிட்டால் பகிர்வதற்கு எதுவும் இராது.

முக்கியத் தடைகள்

* கையெழுத்துச் சீட்டுகள்: வெளிநோயாளிகள் திரளும் இடங்களில், ஒவ்வொருவரின் விவரத்தையும் கணினியில் பதிவிட மருத்துவருக்கு நேரம் கிடைப்பதில்லை. சீட்டைப் படமெடுத்து அனுப்பினாலும், அதிலுள்ள விவரங்களை மென்பொருள் எளிதில் பிரித்தறிய இயலாது.

* பொது வடிவமின்மை: மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளை மத்திய அரசு 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. எனினும், மருத்துவமனைகளின் மென்பொருள்கள் வெவ்வேறானவை. ஒரே நீரிழிவு நோய் ஓரிடத்தில் முழுப் பெயராலும் மற்றோரிடத்தில் சுருக்கக் குறியாலும் பதிவாகிறது.

* செலவு: பதிவு செய்யும் உழைப்பும் செலவும் முதல் மருத்துவமனைக்கு, பலன் அடுத்த மருத்துவமனைக்கு. இதனை ஈடுசெய்ய, 2023 ஜனவரி முதல் ஊக்கத்தொகைத் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது.

* அடையாளக் குழப்பம்: பெயரின் எழுத்துகளோ கைப்பேசி எண்ணோ மாறினால், ஒருவரது பதிவுகள் சிதறிவிடும்.

* தனியுரிமை: உடல்நலத் தகவல் கசிந்தால் மீட்க இயலாது. ஒப்புதலுக்குக் கைப்பேசி தேவைப்படுவதால், அது இல்லாத முதியோர் பிறரைச் சார்ந்திருக்க நேரிடுகிறது.

உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரநிலையில் ஒப்புதலின்றியும் தகவலைப் பயன்படுத்த, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், இணைக்கப்படாத பதிவை எந்தச் சட்டத்தாலும் வரவழைக்க இயலாது. ஆகவே, ஆபா எண் பெற்றவர்களும் மருத்துவமனையில் பதிவு செய்யும்போதே அதனைத் தெரிவிப்பதும், காகித நகல்களைப் பாதுகாப்பதும் அவசியமாகிறது.