தாழ்வுபாட்டிலிருந்து தோட்டவெளி வரை

மன்னார்த் தீவின் தென்கரையிலுள்ள மீனவக் கிராமமான தாழ்வுபாட்டுக்கு வரும் எவரையும் நாம் தோட்டவெளி வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயத்துக்கும் அழைத்துச் செல்வோம்.

1544இல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தனர். வர இயலாத அவர், ஒரு குருவானவரை அனுப்பினார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் ஏறத்தாழ 600 பேரை அதே ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்லுவித்தான். ஆண், பெண், சிறுவர் என்ற பேதம் இருக்கவில்லை என்பது மரபு.

மன்னார் பட்டினத்தில், 1560இல் போர்த்துக்கேயர் அமைத்து, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கிறது. அருகே பள்ளிமுனையில், அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம். அதன் சுற்றளவு சுமார் 19 மீற்றர். கோட்டைக்கு ஆண்டுண்டு, மரத்துக்கு அளவுண்டு. வேதசாட்சிகளுக்கோ தொகை மட்டுமே. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எமக்கு எட்டவில்லை.

ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரையும் விலக்கினர். எனினும் 1687இல் புனித யோசேவாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தபோது விசுவாசம் அழிந்திருக்கவில்லை. அதைக் காத்த வீடுகளின் பெண்களும் பெயரின்றியே போயினர்.

ஆகவே, எங்கிருந்தாலும் எம் சகோதரிகளே, ஊர் வரும்போது பிள்ளைகளைத் தோட்டவெளிக்குக் கூட்டிச் செல்லுங்கள். அம்மம்மா, அப்பம்மாவின் பெயர்களையும், அவர்கள் சொன்ன கதைகளையும் இன்றே எழுதி வையுங்கள்.