கொற்கைச் சிப்பியும் கோடை வெயிலும்

திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பொதிகை மலையில் தொடங்கித் தாமிரபரணியின் ஓட்டத்தோடு இறங்கி வந்து, நெல்லையும் வாழையையும் கோயில்களையும் மடங்களையும் வேண்டிய மட்டும் வருணித்துவிட்டு, நதி கடலோடு கலக்கிற புன்னைக்காயலை அடைந்ததும் பாண்டியர் முத்தைப் பற்றி நாலு பெருமை பேசி நூலை முடித்துவிடுவது வழக்கம். அந்த முத்தைத் தன் உடலுக்குள் வைத்து வளர்த்த பிராணி எந்த உஷ்ணத்தைத் தாங்கிப் பிழைத்தது, எந்த உஷ்ணத்தில் மாண்டது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. முத்து வியாபாரம் என்பதே சிப்பி வெயிலில் சாவதை நம்பி நடந்த வியாபாரம் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த அலட்சியம் வியப்பாகத்தான் இருக்கிறது.

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க மாலுமி நூல், பாண்டியருக்கு உரிய கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிக்கிறார்கள் என்று சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் அவ்வூரைக் குறிப்பிடுகிறார். அக்காலத்தில் அலை வந்து மோதிய கொற்கை, இப்போது கடலைவிட்டுச் சில மைல் உள்ளே வயல்களுக்கும் பனைகளுக்கும் நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் அங்கே தோண்டிப் பார்த்து, தாம் கண்டவற்றை 1877இல் வெளியிட்டார். பிற்காலத்து அகழ்வாராய்ச்சிகளிலும் சங்கு அறுத்த துண்டுகளும் சிப்பி ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. நதி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கொற்கை தூர்ந்தபின் வாணிபம் காயலுக்குப் போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலைத்தான். காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது. போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் அதைக் கைக்கொண்டார்கள். துறைமுகமும் கொடியும் இத்தனை முறை மாறியபோதும், கரையிலிருந்து சில மைல் தள்ளி, பத்துப் பன்னிரண்டு பாகத்து ஆழத்தில், 'பார்' என்று பரதவர் சொல்லும் பாறைத்திட்டுகளில் முத்துச்சிப்பி மட்டும் தன் இடத்தில் இருந்துவந்தது. அப்பார்களில் தொல்லாயிரம் பார் பெயர் பெற்றது.

சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடக்கும் காலம் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களாகும். வாடைக்காற்று அடங்கி, தென்மேற்குப் பருவம் தொடங்காத அந்த இடைவேளையில்தான் மன்னார்க் கடல் கண்ணாடிபோல் தெளிந்து, மூழ்குகிறவனுக்குத் தரை தெரியும். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சு முட்டும்வரை ஒரு நிமிஷ அளவில் வலைக்கூடையில் சிப்பிகளை வாரிப் போட்டுவிட்டு, கயிற்றை அசைத்தால் மேலே தோணியில் நிற்பவன் இழுத்துவிடுவான். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இத்தொழிலில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் மந்திரக்காரர்களும் உடன் வருவார்கள். கிடைத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒன்றும், மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்றும் போயிற்று என்று மார்க்கோ போலோ கணக்குச் சொல்கிறார். பரதவரின் சாதித்தலைவருக்கென்று ஒரு பங்கு விடுவதை ஆங்கில அரசாங்கமும் நெடுங்காலம் ஒப்புக்கொண்டிருந்தது.

கரைக்கு வந்த சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் போட்டுக் கொடுப்பார்கள். ஓட்டுக்குள் முத்து உண்டா இல்லையா என்பது விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. அதன் பிறகு வேலை செய்தது வெயில். 'கொட்டு' என்று சொல்லப்பட்ட வேலியடைப்பில் சிப்பிகளைக் குவித்து வைத்துவிட்டால், சித்திரை வெயிலில் அவை வாய் பிளந்து, ஈ மொய்த்து, புழு வைத்து, சதை முழுவதும் அழுகிப்போகும். பல நாள் கழித்து அந்தக் கூழைத் தண்ணீர் விட்டு அலசி, ஓடுகளைக் கழித்து, அடியில் தங்கிய மணலைத் துணியில் பரப்பி ஆராய்ந்தால் முத்து அகப்படும். நாற்றம் காத தூரம் வீசும். அந்த நாற்றத்தின் நடுவில் அமர்ந்து செட்டிமாரும் மரைக்காயர்மாரும் பித்தளைச் சல்லடைகளில் முத்தைத் தரம் பிரித்து, ஆணி என்றும் அணாத்தாரி என்றும் களிப்பு என்றும் குறுவல் என்றும் பேரிட்டு, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விலை பேசினார்கள். அரசிகளின் கழுத்தை அலங்கரித்த பொருளுக்குப் பிறப்பிடம் இந்தக் கொட்டு என்பதைப் புலவர்கள் பாடாமல் விட்டது நியாயந்தான்.

சிப்பி ஏன் வாய் பிளக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டு ஓடுகளையும் இணைக்கிற கீல் நாரின் இயல்பு அவற்றை விரித்து வைப்பது. நடுவில் இருக்கும் ஒரே தடித்த தசைதான் அவற்றை இழுத்து மூடிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே திறப்பதற்குப் பிரயாசை வேண்டியதில்லை, மூடியிருப்பதற்கே சக்தி வேண்டும். உஷ்ணத்தால் அந்தத் தசை தளர்ந்த கணத்தில் ஓடு தானே விரிகிறது. மூடியிருக்கும் வரையில் உள்ளே இருதயத்தின் துடிப்பு மெதுவாகி, பிராணவாயு இல்லாமலே சேமித்து வைத்த சர்க்கரைப் பொருளைச் சிறுகச் சிறுகக் கரைத்து ஜீவன் நடக்கிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டு பத்தாயத்து நெல்லில் பஞ்சத்தைக் கழித்த பழைய சம்சாரியின் நிலை அது. அப்படிக் கழிக்கும்போது உடலில் அமிலம் சேர்கிறது. அதைச் சமன் செய்வதற்குச் சிப்பி தன் ஓட்டின் உட்புறச் சுண்ணாம்பையே கொஞ்சம் கரைத்துக் கொடுக்கிறது. உஷ்ணத்தால் உருக்குலைகிற புரதங்களைத் தாங்கிச் செப்பம் செய்ய வேறு சில புரதங்களையும் அவசரமாக உண்டாக்கிக்கொள்கிறது. இவையெல்லாம் செலவுதான். அந்தச் செலவு வளர்ச்சியிலும் இனப்பெருக்கத்திலும் பிடிபடும்.

ஆழத்தில் வாழும் முத்துச்சிப்பிக்கு வெயில் பழக்கமில்லை. கரையிலே வாழும் அதன் உறவினங்களோ அதையே தினந்தோறும் பயில்கின்றன. தாமிரபரணி முகத்துவாரத்தில் கல்லிலும் மரக்கட்டையிலும் ஓட்டைச் சாந்துபோல் ஒட்டிக்கொண்டு வளரும் ஆளி, நீர் வற்றும்போதெல்லாம் வெயிலில் கிடந்து, நீர் ஏறும்போது மறுபடி வாய் திறக்கிறது. மணப்பாட்டுக் குன்றின் அடியிலுள்ள பாறைகளை நடுப்பகலில் உற்றுப் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தை இன்னும் நன்றாக விளங்கும். கையை வைத்தால் சுடுகிற பாறையில், மிளகளவு நத்தைகள் பாதத்தை உள்ளே இழுத்து வாயை மூடிக்கொண்டு, காய்ந்த கோழையின் ஒரு சிறு பிசினால் மட்டும் ஓட்டின் விளிம்பைப் பாறையில் ஒட்டித் தொங்குகின்றன. பாறையைத் தொடும் பரப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு ஏறும் சூடும் குறைகிறது. சில வெடிப்புகளுக்குள் ஒன்றோடொன்று நெருங்கி ஈரத்தைக் காக்கின்றன. தொப்பி வடிவச் சிப்பிகளோ பாறையோடு அழுந்தி உட்கார்ந்து, ஓட்டுக்கடியில் கொஞ்சம் கடல்நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இவ்வளவு சாமர்த்தியம் உள்ளவை எந்த வெயிலையும் வென்றுவிடும் என்று நினைப்பது பிழை. வெப்ப நாட்டுக் கரையில் மேல்மட்டத்தில் வாழும் பிராணிகள் தம்மால் தாங்கக்கூடிய எல்லைக்கு மிக அருகிலேயே ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருக்கின்றன. இன்னும் இரண்டொரு பாகை ஏறினால் ஒதுங்க இடமில்லை. குளிர்நாட்டிலும் ஆபத்து இல்லாமலில்லை: 2021 ஜூன் மாதம் கனடாவின் மேற்குக் கரையில் வீசிய அனலில், நீர் வற்றிய பாறைகளிலிருந்த சிப்பிகளும் பிற கரைப்பிராணிகளுமாக நூறு கோடிக்கு மேல் மாண்டிருக்கும் என்று அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். தூத்துக்குடிக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லையாதலால், கரைப்பிராணிகளுக்குக் கிடைத்த நிலமே ஒரு குறுகிய பட்டை.

மன்னார் வளைகுடாவின் முத்துச் சரித்திரம் நெடுகிலும் சிப்பி வந்ததும் மறைந்ததுமான கதைதான். சில ஆண்டுகள் பார் நிறைந்து கிடக்கும்; பிறகு பத்து, இருபது ஆண்டு ஒரு சிப்பியும் இராது. பழைய சர்க்கார் களவைக் காரணமாக்கியது. பரதவர் திருக்கையையும் கிளாத்தியையும், பாரின்மேல் பாய்போல் படர்ந்து மூச்சை அடைக்கும் சூரன் என்னும் சிறு சிப்பியையும் சொன்னார்கள். இலங்கைப் பார்களை 1902இல் ஆராய வந்த ஹெர்ட்மனும், அவரோடு உழைத்துப் பின்னர் சென்னை மாகாண மீன்துறையின் தலைவரான ஹார்னெலும் மணல் நகர்வையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்தார்கள். முட்டையிலிருந்து வெளிப்பட்ட குஞ்சு இரண்டு மூன்று வாரம் கடலில் மிதந்து அலைந்த பிறகே ஓரிடத்தில் பற்றும் என்பதால், நீரோட்டம் தவறினால் ஒரு தலைமுறையே தவறும் என்பது உண்மை. உஷ்ணம் இந்தப் பட்டியலில் பின்னால் வந்து சேர்ந்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் வளைகுடாவின் பவளங்கள் சூட்டால் வெளிறியதைக் கண்ட பிறகே, சிப்பிகளும் அதே நீரில்தான் இருக்கின்றன என்ற நினைப்பு வலுத்தது.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் இங்கே சிப்பிக்குள் முத்துக்குக் கருவாகும் உருமணியை வைத்து முத்து விளைவித்தார்கள். 1981இல் தொட்டியில் குஞ்சு பொரிக்கவும் வழி கண்டார்கள். சுண்ணாம்பு பூசிய ஓடுகளை நீரில் வைத்து ஆளிக் குஞ்சுகளைப் பிடித்து வளர்க்கும் முறையும் இக்கரையில் பழக்கத்துக்கு வந்தது. ஆத்தூர் வெற்றிலையோடு சேரும் சிப்பிச் சுண்ணாம்பை நினைத்தால், ஓட்டைச் சுட்டு எடுத்த பொருள் ஓட்டை வளர்க்கப் போவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

முகத்துவாரத்து ஆளிக்கு வெயில் மட்டும் பகையல்ல. கோடையில் நன்னீர் வராமல் உப்பு ஏறிவிட்டால், அதே வெயில் இரட்டிப்பாக உறைக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கட்டிய ஸ்ரீவைகுண்டம் அணைதான் தாமிரபரணியின் எட்டாவதும் கடைசியுமான அணைக்கட்டு. அதைத் தாண்டிப் போவதே புன்னைக்காயலுக்குக் கிடைக்கும் தண்ணீர். சித்திரையில் அங்கே மிஞ்சுவது அற்பம். மழைக்காலத்தில் மிஞ்சிப் போகிறதையோ, கடலில் வீணாய்க் கலந்தது என்றுதான் பத்திரிகைகள் இன்றும் எழுதி வருகின்றன.