பரணில் இருப்பது குப்பை மட்டுமல்ல



பொங்கல் விடுமுறை முடிந்து பலரும் ஊர் திரும்பியிருப்பீர்கள். கிளம்புமுன் சிலர் பூர்வீக வீட்டுப் பரணை ஒழித்திருப்பீர்கள். இன்னும் சிலர் "அடுத்த விடுமுறையில் மொத்தமாகப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம்" என்று முடிவு செய்திருப்பீர்கள். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். பழைய வாத்தியார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போகியன்று பழையதைக் கழிக்க எல்லோரும் சான்றாகச் சொல்லும் வாசகம் நன்னூலில் உள்ள ஒரு சூத்திரம். பவணந்தி முனிவர் அதைச் சொன்னது மொழியில் காலத்துக்குக் காலம் நிகழும் மாற்றத்தைப் பற்றி. வீட்டுப் பரணைப் பற்றி அல்ல! ஆனாலும் அந்தப் பழக்கத்தில் நாம் இழந்தவை ஏராளம்.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி நெல்லைச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்த சுவடிகள் அங்கே இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். போய் விசாரித்தால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. வேறு சில வீடுகளில் ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விட்டிருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புண்ணியம் என்று நினைத்தே செய்தார்கள். எரியாமல் மிஞ்சிய ஏடுகளைக் கொண்டுதான் 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின.

இதற்கு நேர்மாறான கதை புதுச்சேரியில் நடந்தது. ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அரசியல், போர், சரக்கு விலை, ஊர் வம்பு எல்லாம் அதில் உண்டு. அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846இல், கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். அதுவரை காத்தது பிள்ளையின் குடும்பம். பின்னர் அது ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தது. இடையிடையே சில பகுதிகள் இன்றும் கிடைக்கவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையாவையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எடைக்குப் போட்ட புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் எல்லாவற்றையும் அவர் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

நம் பூர்வீக வீட்டையும் வரும் சித்திரைக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். நானும் தங்கையும் மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தோம். உடைந்த நாற்காலி, ஓட்டை அண்டா, பழைய மெத்தை போயின, வருத்தமில்லை. அப்பாவின் வரவு செலவு நோட்டுகளைத் தனியாக வைத்திருக்கிறேன். அரிசி விலை, மொய்க் கணக்கு, யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார் என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. எந்தப் பாடநூலிலும் நம் குடும்பத்தின் இந்தக் கணக்கு வராது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்:

1. கையால் எழுதிய எதையும் ஒருமுறை படிக்காமல் எடைக்குப் போடாதீர்கள். வைக்க இடமில்லையென்றால் செல்போனில் படமாவது எடுத்துவிடுங்கள்.

2. புகைப்படங்களின் பின்புறம் பெயரும் ஊரும் பென்சிலால் எழுதுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

3. ஓலைச்சுவடி கிடைத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் ஏடுகளை வலிந்து பிரிக்காதீர்கள். சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உ.வே.சா. நூலகமும், தஞ்சையில் சரசுவதி மகாலும் இருக்கின்றன. அங்கே கேளுங்கள்.

நம் உறவுகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பெயர் எழுதிய அட்டைப்பெட்டிகள் கூடத்தில் இருக்கின்றன. மாசி முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் நோட்டுகளைப் படிக்க விரும்புகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி வாருங்கள். சாப்பாடு இங்கேதான்.