தொடுவதும் அழுத்துவதும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். மேசைமேல் கிடந்த என் மின்நூல் கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "என்ன டீச்சர், இந்தக் காலத்துலயும் பட்டன் வச்ச மெஷினா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் காபி போடப் போய்விட்டேன். பதில் கொஞ்சம் நீளம், குழந்தை வேறு அழுதுகொண்டிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஒருத்தி கேட்ட கேள்விக்கு வகுப்பு முழுவதற்கும் பதில் சொல்வது என் பழைய பழக்கம், உங்களுக்குத் தெரியும்.

முதலில் இந்தக் கருவியைப் பற்றி. செல்போன் திரை கண்ணுக்குள் விளக்கடிப்பது போல. இது அப்படியல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிறந்து, 1997-ல் இ இங்க் என்ற நிறுவனமாக வளர்ந்த கண்டுபிடிப்பு இது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அவ்வளவுதான் எழுத்து. ஒருமுறை எழுத்து அமைந்துவிட்டால் அதை அப்படியே நிறுத்தி வைக்க மின்சாரமே வேண்டாம். பக்கத்தைப் புரட்டும்போதுதான் செலவு. ஆகவே இந்தக் கருவிக்குப் பக்கம் புரட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. அதை எதைக் கொண்டு செய்வது என்பதில்தான் இத்தனை ஆண்டுச் சண்டையும்.

மின்நூல் கருவி என்ற எண்ணம் இதற்கும் முந்தியது. 1998-ல் சாதாரணத் திரையோடு ராக்கெட் இபுக் என்று ஒன்று வந்தது. அதைச் செய்த எபர்ஹார்ட், டார்பெனிங் என்ற இருவரும்தான் பின்னால் டெஸ்லா கார் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். புத்தகத்தில் ஓடாத வண்டி சாலையில் ஓடியது! இ இங்க் திரையோடு முதலில் கடைக்கு வந்தது ஜப்பானில், 2004-ல், சோனியின் லிப்ரியே. ஆனால் உலகமே திரும்பிப் பார்த்தது 2007 நவம்பரில் அமேசான் கிண்டிலை விற்பனைக்கு வைத்தபோதுதான். விலை 399 டாலர், ஐந்தரை மணி நேரத்தில் கையிருப்பு தீர்ந்தது.

அந்த முதல் கிண்டிலின் படத்தைத் தேடிப் பாருங்கள். வலது ஓரத்தில் நீளப் பட்டையாக 'அடுத்த பக்கம்'. இடது ஓரத்திலும் ஒரு 'அடுத்த பக்கம்', அதற்கு மேல் 'முந்தைய பக்கம்'. எந்தக் கையில் பிடித்தாலும் பொத்தான் விரலுக்கடியில் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கருவியைப் பிடிப்பதற்கே இடமில்லை! எடுத்துக் கொடுத்தாலும் பக்கம் புரளும், மடியில் வைத்தாலும் புரளும் என்று வாங்கியவர்கள் புலம்பினார்கள். 2009-ல் வந்த இரண்டாம் கிண்டிலில் பொத்தானைச் சிறிதாக்கியதோடு, வெளி ஓரத்தில் அழுத்தினால் அமுங்காது, திரைப் பக்கமாக உள்நோக்கி அழுத்தினால்தான் அமுங்கும் என்று மாற்றிவிட்டார்கள். சின்னத் திருத்தம், புலம்பல் நின்றது. பொத்தானில் குறை இருந்தால் பொத்தானைத் திருத்தலாம் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இதற்கிடையில் அதே 2007-ல் ஐபோன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு உலகத்துக்கே விரல் திரைக்குத்தான் போகிறது. சோனி 2008-லேயே தொடுதிரை வைத்த கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. தொடுவதை உணர எழுத்தின் மேல் இன்னொரு அடுக்கு போட வேண்டியிருந்ததால் எழுத்து மங்கியது, திரை பளபளத்தது. படிக்கும் கருவியில் படிக்க முடியவில்லை. அடுத்து ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்தார்கள். திரையின் மேல் எதுவும் போடாமல், சட்டத்தின் ஓரத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர்களைக் குறுக்கும் நெடுக்கும் ஓடவிடுவது. எந்த இடத்தில் கதிர் மறிக்கப்படுகிறதோ அங்கே விரல் இருக்கிறது என்று பொருள். சட்டைக் கை மறித்தாலும் அதற்கு விரல்தான்! 2010-ல் சோனி, 2011-ல் நூக், கோபோ, கிண்டில் டச் எல்லாம் இந்த முறையில் வந்தன.

தொடுதிரையால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய கருவியில் ஒரு சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டுமானால், கீழே இருக்கும் சதுரப் பொத்தானை அமுக்கி அமுக்கி வரி வரியாக இறங்கி, சொல் சொல்லாக நகர்ந்து போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் கதை மறந்துவிடும். தொடுதிரையில் சொல்லின் மேல் விரலை வைத்தால் போதும். அடிக்கோடு போடுவதும் நூலின் பெயரைத் தட்டெழுதித் தேடுவதும் அப்படியே. நூக் 2011-ல் செய்ததுதான் புத்திசாலித்தனம். தொடுதிரையும் வைத்தது, இரண்டு ஓரத்திலும் பொத்தானையும் விட்டுவைத்தது.

இப்போது ஒரு கணக்கு. 2011 செப்டம்பரில் அமேசான் இரண்டு கருவிகளை ஒன்றாக அறிவித்தது. தொடுதிரை இல்லாத, பொத்தான் மட்டும் உள்ள கிண்டில் 79 டாலர். பொத்தான் இல்லாத கிண்டில் டச் 99 டாலர். (இரண்டும் விளம்பரத்தோடு வரும் விலை.) அதாவது பொத்தான் ஏழைக்கு, தொடுதல் வசதிக்காரருக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பேன்.

அந்தப் பொத்தான் கிண்டில்தான் 2012 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. குரோமா கடைகளில் 6,999 ரூபாய். என் மகன் சென்னையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தான். "புத்தகத்துக்கா ஏழாயிரம்?" என்று அவனைத் திட்டியது என் தங்கைக்கு நினைவிருக்கும். அப்போது கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு வரவில்லை, அது 2016 டிசம்பரில்தான். ஆனால் மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாகத் தரும் நூல்கள் இருந்தன. 2013-ல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் தொடங்கி, 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் கோப்புகளைக் கொடுத்தார்கள். அந்தப் புண்ணியவான்களால் ஏழு வருடம் படித்தேன். 2019-ல் பேத்தியின் கையிலிருந்து நழுவித் திரை உடைந்தது. அழுத குழந்தையைத் தேற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினோம். அது எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே தேவையில்லை. அதற்குள் பொத்தான் வைத்த மலிவுக் கருவி கடையில் இல்லை. கிண்டிலில் 2012-ல் வந்த பேப்பர்வைட்டிலேயே பொத்தான் கிடையாது. 2014-ல் மலிவு கிண்டிலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் பணியில் இருந்த கடைசி இரண்டு ஆண்டுகளில் ஐந்தாம் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தேதியையும் குறளையும் கரும்பலகையில் எழுத, தினம் ஒரு பிள்ளையைக் கூப்பிடுவேன். கையெழுத்து நன்றாக இருப்பவர்களுக்கு டீச்சர் தரும் பரிசு என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். பெற்றோர்கூட வந்து நன்றி சொன்னார்கள். உண்மை அதுவல்ல. என் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பலகையில் கோடு கோணலாகப் போவதை உங்கள் முன் காட்ட எனக்கு மனமில்லை. (உறவினர்கள் யாரும் உடனே போன் செய்ய வேண்டாம். பயப்படும் நோயல்ல, வெறும் நடுக்கம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை சாப்பிடுகிறேன்.)

நடுங்கும் விரலுக்குத் தொடுதிரை என்ன செய்யும் தெரியுமா? ஒரு தட்டு இரண்டு தட்டாகி இரண்டு பக்கம் தாவும். சரி என்று விரலை ஊன்றினால் அகராதி திறந்துகொள்ளும். அதை மூடப் போனால் எழுத்தின் அளவு மாறும். வயதானவர்களின் விரல் காய்ந்திருந்தால் இன்றைய திரைகளுக்குச் சில சமயம் தெரிவதே இல்லை, ஏனென்றால் அவை உடம்பில் ஓடும் மின்தன்மையை வைத்துத்தான் விரலை உணர்கின்றன. அதே காரணத்தால் ஒரு நீர்த்துளி விழுந்தால் அதை விரல் என்று நம்பிவிடும். ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் இப்படித் தாவித் தாவி, யார் செத்தார்கள் என்று முன்னதாகவே தெரிந்துபோய், கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஏறக்குறைய ஒன்றரை வருடம் நான் எதையும் முழுசாகப் படிக்கவில்லை.

பொத்தானில் விரலை முதலிலேயே வைத்துவிடலாம். வைத்தால் எதுவும் ஆகாது. நடுங்கினாலும் ஆகாது. தேவைப்படும்போது அழுத்தினால்தான் ஆகும். தொடுவது வேறு, அழுத்துவது வேறு. தொடுதிரையிலோ தொட்டாலே கட்டளை. விரலை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு பக்கம் முழுவதும் காத்திருக்க வேண்டும். நல்ல கைகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எனக்கும் முப்பது வயதில் தெரிந்திருக்காது.

நிறுவனங்களுக்கும் இது ஒருவாறு புரிந்தது என்றே நினைக்கிறேன். 2014-ல் கிண்டில் வாயேஜ் என்று ஒன்று, 199 டாலர். திரையின் ஓரச் சட்டத்தில் ஒரு கோடும் ஒரு புள்ளியும். அமுங்காது, ஆனால் அழுத்தினால் அழுத்தத்தை உணர்ந்து லேசாக அதிரும். பொத்தான் மாதிரி, ஆனால் பொத்தான் இல்லை. 2016-ல் கிண்டில் ஓயாசிஸ் வந்தது. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, தடித்த பக்கத்தில் இரண்டு நிஜப் பொத்தான்கள். உறையைக் கழற்றினால் 131 கிராம். கை மாற்றிப் பிடித்தால் எழுத்தும் தானே தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். விலை எவ்வளவு? 289.99 டாலர்! அதே வருடம் சாதாரணத் தொடுதிரைக் கிண்டில் 79.99. மேலே நினைவில் வைக்கச் சொன்ன கணக்கை இப்போது எடுத்துப் பாருங்கள். ஐந்தே ஆண்டில் தலைகீழ். ஏழைக்கு இருந்த பொத்தான் பணக்காரரின் பண்டமாகிவிட்டது.

தண்ணீர் புகும், அதனால்தான் பொத்தானை எடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017-ல் வந்த இரண்டாம் ஓயாசிஸில் பொத்தானும் இருந்தது, தண்ணீரும் புகாது. நூக் 2015-ல் எடுத்த பொத்தானை 2017-ல் திரும்ப வைத்து 119.99 டாலருக்கே விற்றது. அதை நம் ஊரில் விற்பதில்லை, அது வேறு விஷயம். கனடாவின் கோபோ 2018-ல் ஃபார்மாவிலும், 2019-ல் 169.99 டாலருக்கு லிப்ராவிலும் பொத்தான் வைத்தது. செய்ய முடியாது என்பதல்ல. நகரும் உறுப்பு குறைந்தால் செலவும் குறையும், கடையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கவும் வசதி. பட்டயப் படிப்புப் படித்த எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பொறியாளராக இருக்கும் என் பிள்ளைகள் யாராவது இருந்தால் திருத்துங்கள்.

2024-ல் ஓயாசிஸை நிறுத்திவிட்டார்கள். அதோடு கிண்டில் வரிசையில் பக்கம் புரட்டும் பொத்தான் முடிந்தது. இப்போது வேடிக்கை என்னவென்றால், திரையின் ஓரத்தில் மாட்டும் ஒரு கிளிப்பும் கையில் பிடிக்கும் ஒரு சின்ன ரிமோட்டும் தனியாக விற்கிறார்கள். ரிமோட்டை அழுத்தினால் கிளிப், விரல் தொட்டது போல் திரையை ஏமாற்றும். கருவியிலிருந்து பொத்தானைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பொத்தானை இன்னொருவரிடம் காசு கொடுத்து வாங்குகிறோம்!

மாணவி பார்த்துச் சிரித்தது கோபோ லிப்ரா. தம்பி மகன் டொராண்டோவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. அது வந்த பிறகு விடிகாலை நாலரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, பெருவிரலைப் பொத்தான் மேல் வைத்தபடி படிக்கிறேன். கை நடுங்குகிறது, பக்கம் நடுங்கவில்லை.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. நம் பழைய தலைமையாசிரியர் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வலது கை வரவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, போன மாதம் பார்த்தபோது என்னை இலக்கணத்தில் ஒரு கேள்வி கேட்டுத் திணறடித்தார். புத்தகத்தை ஒரு கையால் விரித்துப் பிடிக்க முடியவில்லை. அவர் மகள் ஒரு தொடுதிரைக் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் இடக்கையில் பிடித்து இடது பெருவிரலால் தட்டினால் அதில் முந்தைய பக்கம்தான் வருகிறது. அடுத்த பக்கத்துக்குப் பெருவிரலைத் திரையின் நடுப்பக்கம் வரை நீட்ட வேண்டும், நீட்டினால் பிடி நழுவுகிறது. இரண்டு முறை கீழே போட்டுவிட்டு, "போதும்மா, இனிமே வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கருவியை ஒரு மணி நேரம் அவரிடம் கொடுத்தேன். பதினேழு பக்கம் படித்தார். எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதையே அவருக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு வரவில்லை. ஒளிப்பானேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டு மேசை டிராயரில், பெட்டியில், இரண்டு ஓரத்திலும் பொத்தான் வைத்த பழைய கிண்டிலோ நூக்கோ, அல்லது இடக்கைக்குத் திருப்பிப் பிடிக்கும் ஓயாசிஸோ சும்மா கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே கிடைக்கும். தை மாதம் ஊருக்கு வருபவர்கள் கையில் கொடுத்தனுப்பினால் போதும், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.